வல்லாரையும் முகப்பருவும்

ஈரவலயத்திலே வயலோரங்களிலும் தாழ்நிலங்களிலும் மரக்கறி செய்கை பண்ணும் கமக்காரருக்கு வல்லாரையைப் பற்றி அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. வரப்பின் ஈரத்தில் தானாகவே படர்ந்து கிடக்கும் இச்சிறு பூண்டு, சிங்களத்திற் கொட்டுகொல என்னும் பெயரோடு, சம்பலாகவும் இலைக்கஞ்சியாகவும் பெரும்பாலான வீடுகளில் உண்ணப்படுகின்றது. கம்பகா, கொழும்பு, குருநாகல் ஆகிய மாவட்டங்களில் விற்பனைக்கென்றே பாத்தி கட்டி இதனைப் பயிரிடுவோரும் உளர்.

மரக்கறிக் கடையிற் கட்டுக் கட்டாக விற்கப்படும் இவ்விலையின் பெயர் அண்மைக் காலத்தில் முகப்பூச்சுக் குப்பிகளிலும் அச்சிடப்பட்டு வருகின்றது. கொரியா முதலிய நாடுகளிலிருந்து வரும் பூச்சுகள், வல்லாரைச் சாரம் சேர்ந்தவை என்பதையே தமது சிறப்பாகச் சொல்லிக் கொள்கின்றன. இதனால் இரண்டு காரியங்கள் நிகழ்கின்றன. முதலாவதாக, முகப்பருவால் வருந்தும் இளைஞரும் யுவதிகளும், காசு கொடுத்து வாங்குவானேன் என்று எண்ணி, வாய்க்காலோரத்து இலையைப் பறித்து அரைத்து முகத்திற் பூசுகின்றனர். இரண்டாவதாக, உலர்ந்த வல்லாரைக்கு நல்ல விலை உண்டெனக் கூறி இலையைக் கேட்டு வரும் வியாபாரிகளைக் கமக்காரர் சந்திக்க நேருகின்றது. இவ்விரண்டிலும் உண்மையும் கலந்திருக்கின்றது, ஏமாற்றத்துக்கும் இடமிருக்கின்றது. ஆழ்ந்து பழுத்த பரு தக்க வைத்தியமின்றி மாதக் கணக்கில் விடப்பட்டால் முகத்திற் பள்ளமான தழும்பு விழும். அத்தழும்பு வாழ்நாள் முழுவதும் நிற்கக் கூடியது. ஆகையால் இலையினுள்ளே இருக்கும் சேர்வைகள் யாவை, அவை எதைச் செய்யும், எதைச் செய்யமாட்டா என்பதைத் தெரிந்து கொள்ளுதல் வீட்டுக்கும் பயன்படும், வியாபாரத்துக்கும் பயன்படும்.

பரு உண்டாகும் விதம்

தோலிலுள்ள மயிர்த் துவாரங்களோடு சேர்ந்து நெய்ச்சுரப்பிகள் அமைந்துள்ளன. முகத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் இவை பெரியனவாகவும் நெருக்கமாகவும் இருக்கும். பருவ வயதில் உடலிற் சுரக்கும் ஓமோன்கள் இச்சுரப்பிகளைத் தூண்டுவதால் நெய் மிகுதியாகச் சுரக்கின்றது. அதே வேளையில், துவாரத்தின் உட்புறத்து இறந்த கலங்கள் உதிர்ந்து வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளுகின்றன. வாய்க்காலின் வாயிற் செத்தை அடைத்தால் நீர் பின்வாங்கித் தேங்குவது போல, அடைபட்ட துவாரத்தினுள்ளே நெய் தேங்கி நிற்கும். தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பற்றீரியம் அந்நெய்யிலே பெருகுகின்றது. அதனை எதிர்ப்பதற்காக உடல் தொடங்கும் போராட்டமே அழற்சியாகும். சிவப்பு, வீக்கம், வலி, சீழ் என்பன அப்போராட்டத்தின் அடையாளங்கள்.

கரும்புள்ளியின் கருமையை அழுக்கென்று கருதி முகத்தை அழுந்தத் தேய்த்துக் கழுவுவோர் பலர். அது அழுக்கன்று. துவாரத்தில் அடைந்துள்ள பொருளிலிருக்கும் நிறப்பொருள் காற்றுப் பட்டுக் கறுத்திருப்பதே அது. தேய்ப்பதால் அழற்சி கூடுமேயன்றிப் புள்ளி நீங்காது.

மிகு நெய், அடைப்பு, பற்றீரியம், அழற்சி என்னும் நான்கும் சேர்ந்ததே பரு. ஒரு மருந்து இந்நான்கில் எதனைத் தாக்குகின்றது என்பதே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி. பயிரில் நோய் கண்டவுடன், பூச்சியா பங்கசா என்று பாராது கைக்குக் கிடைத்த மருந்தை அடிக்கும் கமக்காரர் இல்லை. முகத்தின் விடயத்தில் மட்டும் அவ்வெச்சரிக்கை எப்படியோ மறந்து போகின்றது.

புதுச்சேரியும் மடகாஸ்கரும்

வல்லாரையின் உள்ளே என்ன இருக்கின்றது என்று ஐரோப்பிய முறையில் ஆராய்ந்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று தமிழ்நிலத்திலேயே நடந்தது. 1855ஆம் ஆண்டிற் புதுச்சேரியிலிருந்த லெப்பீன் என்னும் பிரெஞ்சு மருந்தாளர் இப்பூண்டிலிருந்து எண்ணெய் போன்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். பூண்டின் தமிழ்ப் பெயரைத் தழுவியே அப்பொருளுக்கு வெலரின் என்று பெயரிட்டார். அது தனிச் சேர்வையாக நிலைபெறவில்லை. பெயரும் வழக்கொழிந்து போயிற்று. ஆயினும் வல்லாரை என்ற சொல் அக்கால மருந்து நூல்களிற் புகுந்தது அவ்வழியாகவே.

அடுத்த பெரிய அடி மடகாஸ்கர் தீவில் வைக்கப்பட்டது. 1941இல் பொன்ரெம் என்பவர் அத்தீவின் வல்லாரையிலிருந்து ஏசியாற்றிகோசைட்டு என்னும் சேர்வையைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தார். 1940களில் அங்கு அதனைக் குட்டநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தனர். குட்டநோய்க்கு வலிமை மிக்க வேறு மருந்துகள் வந்துவிட்டமையால் அம்முயற்சி நிலைக்கவில்லை. எனினும் புண்கள் ஆறுவதற்கு இச்சேர்வை துணைசெய்வது கவனத்துக்கு வந்து, வல்லாரைச் சாரம் சேர்ந்த களிம்பு ஐரோப்பாவில் வைத்தியத்துக்கு வந்தது. ஒரு நோய்க்கெனத் தேடியது வேறொன்றுக்குப் பயன்படுவது மருந்துலகிற் புதுமையன்று.

வல்லாரையின் முக்கியமான சேர்வைகள் நான்கு: ஏசியாற்றிகோசைட்டு, மடக்கசோசைட்டு என்னும் வெல்லம் இணைந்த இரண்டும், அவ்வெல்லம் நீங்கிய ஏசியாற்றிக்கமிலம், மடக்கசிக்கமிலம் என்னும் இரண்டும் ஆகும். தோலின் அடிப்படையிலுள்ள கலங்கள் கொலாசன் என்னும் நார்ப்புரதத்தை உண்டாக்குகின்றன. புண் மூடுவதற்கு அதுவே நெய்யப்படும் துணி போன்றது. வல்லாரைச் சாரம் இக்கலங்களைத் தூண்டிக் கொலாசன் உற்பத்தியைக் கூட்டுகின்றதென 1990இல் பிரெஞ்சு ஆய்வாளர் கல வளர்ப்புகளில் அளந்து காட்டினர். அழற்சியைப் பரப்பும் இரசாயனச் செய்திகளைக் குறைக்கும் குணமும் இச்சேர்வைகளுக்கு உண்டென ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன.

இங்கே நிதானமாக நோக்குதல் வேண்டும். மேற்கூறிய நான்கு காரணங்களுள் வல்லாரை தொடுவது பெரும்பாலும் நான்காவதையே, அதாவது அழற்சியை. அத்தோடு புண் ஆறும் வேலையையும். அடைப்பை அது திறவாது. நெய்ச் சுரப்பை நிறுத்தும் மருந்தாகவும் அது நிலைநாட்டப்படவில்லை. 2024இல் அமெரிக்கத் தோல் வைத்தியர் கழகம் வெளியிட்ட முகப்பரு வழிகாட்டியும், தாவரப் பொருள்களைச் சிபாரிசு செய்வதற்குப் போதிய சான்று இல்லை என்றே கூறியது. ஆகவே சிவந்து எரியும் தோலைத் தணிக்கும் துணைப்பொருள் என்பதே வல்லாரைச் சாரத்துக்கு நேர்மையாகக் கொடுக்கக் கூடிய இடம். பருவை வேரோடு அறுக்கும் என்று கடைக்காரர் சொன்னால் அது அவருடைய வியாபாரப் பேச்சு.

இலை வேறு, சாரம் வேறு

ஐரோப்பிய மருந்து நூல், மருந்துக்குரிய உலர்ந்த வல்லாரையில் மேற்கூறிய வகைச் சேர்வைகள் 6 வீதத்துக்குக் குறையாது இருத்தல் வேண்டுமென விதிக்கின்றது. அதாவது 1 கிலோ உலர்ந்த பூண்டில் 60 கிராம். களிம்புக்கென எடுக்கப்படும் தரப்படுத்திய சாரமோ ஏறக்குறைய முழுவதும் இச்சேர்வைகளே கொண்டது: ஏசியாற்றிகோசைட்டு 40 வீதமும், இரு அமிலங்கள் ஒவ்வொன்றும் 30 வீதமும் ஆகும். அளவு தெரிந்த இச்சாரத்தை அளவு தெரிந்த களிம்பிற் சேர்த்தே ஆராய்ச்சிகள் நடந்தன.

அம்மியில் அரைத்த பச்சை இலை அப்படிப்பட்டதன்று. அதிற் பெரும்பகுதி நீர். சேர்வையின் அளவு இனத்துக்கு இனம், நிலத்துக்கு நிலம், பருவத்துக்குப் பருவம் மாறும். வெல்லம் இணைந்த சேர்வைகளின் மூலக்கூறுகள் பெரியனவாகையால், தோலின் மேல் உலர்ந்து போகும் விழுதிலிருந்து உட்செல்வது சொற்பமே. இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்றுண்டு: வாய்க்காலோரத்து இலையில் ஒட்டியிருக்கும் சேறும் கிருமிகளும் சீழ் கொண்ட பருவினுள்ளே புகுந்தால் புண் மேலும் முற்றும். வல்லாரையால் ஒவ்வாமை ஏற்பட்டுத் தோல் தடித்தவர்களும் உண்டு. அரிதெனினும் அது பதிவான செய்தியே.

அப்படியானால் சம்பலை உண்பதை நிறுத்த வேண்டுமா என்று கேட்கலாம். அவ்வாறன்று. நன்கு கழுவிய வல்லாரை நல்ல கீரை. அதனைக் கீரையாக உண்ணலாம்.

தாவரத்திற் பிறந்த வேறு மருந்துகள்

முகப்பருவுக்கு உறுதியான சான்று பெற்ற தாவரச் சேர்வைகள் சில உள. அவை பெரும்பாலும் இலையாகவன்றி, தூய இரசாயனமாகவே பயன்படுகின்றன. சலிசிலிக்கமிலம் இதற்கு நல்ல உதாரணம். 1828இல் மியூனிக் நகரிற் புக்னர் என்பவர் வில்லோ மரப்பட்டையிலிருந்து சலிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தார். 1838இல் இத்தாலியரான பிரியா அதிலிருந்து சலிசிலிக்கமிலத்தைப் பெற்றார். 1874 முதல் ஜேர்மனியில் இது தொழிற்சாலையிலே செய்யப்பட்டு வந்தது. மருந்துக் கடையிற் கிடைப்பதும் மரப்பட்டையிலிருந்து வந்ததன்று. இவ்வமிலம் நெய்யிற் கரைவதால் துவாரத்தினுள்ளே சென்று அடைப்பைத் தளர்த்துகின்றது. பருவுக்கு 0.5 முதல் 2 வீதம் வரை சேர்த்த பூச்சாக இது விற்கப்படுகின்றது.

நெற்செய்கையாளருக்கு இவ்வமிலம் அந்நியமானதன்று. நெற்பயிரின் இலையிலும் இது இயற்கையாகவே உண்டு. பல தாவரங்கள் நோய்க்கிருமி தாக்கும்போது தமது மற்றப் பாகங்களைத் தற்காப்புக்கு எழுப்புவதற்கு இதனையே பயன்படுத்துகின்றன.

கோதுமை, வாற்கோதுமை முதலிய தானியங்களிற் சிறிதளவு காணப்படும் அசெலாயிக்கமிலம் மற்றொன்று. 15 வீதம் அல்லது 20 வீதம் சேர்த்த களிம்பாக வைத்தியர் இதனை எழுதிக் கொடுப்பதுண்டு. இது பற்றீரியத்தையும் அழற்சியையும் ஒருங்கே குறைப்பதோடு, பரு ஆறிய பின் நிற்கும் கரிய தழும்பு நிறத்தையும் மங்கச் செய்யும். கருமை நிறத் தோலில் அந்நிறமே பருவை விட நெடுநாள் வருத்துவதால், இக்குணம் இந்நாட்டவர்க்குப் பெரிதும் வேண்டியது. இதுவும் தொழிற்சாலையிற் செய்யப்படுவதே. தானியத்தை அரைத்துப் பூசினால் அந்த அளவு வராது.

தேயிலை மர எண்ணெய் என்று விற்கப்படுவதற்கும் மலைநாட்டுத் தேயிலைக்கும் யாதொரு உறவுமில்லை. அது அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதிக்குரிய வேறொரு மரத்தின் இலையெண்ணெய். 1990இல் அந்நாட்டில் 124 நோயாளரைக் கொண்டு நடத்திய சோதனையில், 5 வீத எண்ணெய்ப் பூச்சு, 5 வீத பென்சோயில் பெரொட்சைட்டுப் பூச்சோடு ஒப்பிடப்பட்டது. இரண்டுமே பருவைக் குறைத்தன. எண்ணெய் தாமதித்து வேலை செய்தது. ஆனால் எரிச்சல் முதலிய தொல்லைகள் குறைவாக இருந்தன. ஐதாக்காத எண்ணெயை நேரே பூசினாலும், திறந்து நெடுநாள் வைத்த எண்ணெயைப் பூசினாலும் தோல் ஒவ்வாமை கொள்ளக் கூடும்.

கற்றாழையைப் பொறுத்தவரை, 2014இல் வெளியான ஈரானியச் சோதனை ஒன்றில் 60 நோயாளருக்கு 8 வாரங்கள் வைத்தியம் செய்யப்பட்டது. திரெற்றினோயின் என்னும் பரு மருந்தைத் தனியே பூசியோரை விட, அதனோடு கற்றாழைக் கூழும் பூசியோர் அதிக பயன் பெற்றனர். இங்கும் கற்றாழை துணைதான். தலைமை மருந்து வேறு. கற்றாழை மடலை வெட்டியவுடன் தோலின் கீழிருந்து வழியும் மஞ்சட் பாலைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து முற்றாக வடிய விட்டுக் கழுவிய பின்பே உட்கூழை எடுத்தல் வேண்டும். அப்பால் தோலை உறுத்தும்.

தேசிக்காயும் வெயிலும்

எல்லாத் தீமைகளிலும் வயலில் வேலை செய்வோர் அதிகம் அஞ்ச வேண்டியது தேசிக்காய்ச் சாற்றையே. பரு காயும் என்றும், முகம் வெளுக்கும் என்றும் இதனைப் பூசும் வழக்கம் பரவலாக உண்டு. தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் பியூரனோகூமரின் என்னும் வகைச் சேர்வைகள் இருக்கின்றன. இவை தோலிற் பட்டபின் வெயில் பட்டால், சூரியனின் ஊதாக் கடந்த கதிர்களை ஏற்றுத் தோற் கலங்களைச் சுட்டு விடும். ஓரிரு நாளிற் சிவந்து கொப்புளம் எழும். ஆறிய பின் கரிய தழும்பு மாதக் கணக்கில் நிற்கும். காலையிற் சாறு பூசிக் கழுவிவிட்டு வயலில் நாள் முழுதும் களை பிடுங்குபவர் இதற்கு இலகுவில் ஆளாவார். வெளுப்பதற்குப் பூசிய இடம் கறுத்துப் போனதன் காரணம் பலருக்குத் தெரிவதேயில்லை.

பார்த்தீனியக் களை மண்டிய காணிகளில் வேலை செய்வோருக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் அரிப்புடன் தடிப்பு எழுவதுண்டு. அதுவும் ஒரு தாவரச் சேர்வையின் வேலையே. அதைப் பருவென்று எண்ணிப் பருமருந்து பூசுதல் பயனற்றது. பீடைநாசினி பட்ட கையால் முகத்தைத் துடைப்பதும் தோலழற்சிக்கு ஒரு காரணம். அரிப்பு மிகுந்திருப்பதும், கரும்புள்ளி வெண்புள்ளி எதுவும் இல்லாதிருப்பதும் அது பருவன்று என்பதற்கு அடையாளங்கள்.

எந்தப் பூச்சாயினும் முழங்கையின் உட்புறத்திற் சிறிதளவைத் தொடர்ந்து சில நாட்கள் பூசிப் பார்த்து, தடிப்போ எரிவோ இல்லையெனக் கண்ட பின்பே முகத்துக்கு எடுத்தல் வேண்டும். பரு மருந்து பலன் காட்ட 6 முதல் 8 வாரம் செல்லும். பசளை இட்ட மறுநாளே கதிர் தேடுவாரில்லை. ஆனால் மூன்று நாளிற் குணமில்லையென்று களிம்பை மாற்றிக் கொண்டே போவோர் அநேகர். பெயரும் சேர்மானமும் எழுதப்படாத வெளுப்புக் களிம்புகளை அறவே தவிர்த்தல் வேண்டும். அவற்றுட் சிலவற்றில் இரசமும், சிலவற்றில் ஸ்டீரொயிட்டு மருந்தும் கலந்திருக்கும். பின்னது முதலிற் சிவப்பைத் தணித்துப் பிறகு பருவைப் பெருக்கும். கட்டி போல ஆழ்ந்து வலிக்கும் பருக்களும், தழும்பு விழத் தொடங்கிய முகமும் அரசினர் வைத்தியசாலையின் தோல் வைத்தியரிடம் தாமதமின்றிக் காட்டப்பட வேண்டியவை.

மருந்துக்காகும் இலையைச் செய்கை பண்ணல்

இலையாகப் பூசுவதிற் பயன் குறைவெனினும், நல்ல உலர்ந்த இலையைச் சாரம் எடுப்போர் வாங்கவே செய்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது வாய்க்காலோரத்திற் பொறுக்கிய இலையன்று. வல்லாரை, தான் நிற்கும் மண்ணிலும் நீரிலுமுள்ள ஈயம், கட்மியம் முதலிய பாரவுலோகங்களை உறிஞ்சும் இயல்புடையது. தொழிற்சாலைக் கழிவோ நகரத்துச் சாக்கடையோ கலக்கும் நீரில் வளர்ந்த இலையை எத்தனை முறை கழுவினாலும் அவை நீங்கமாட்டா. பச்சையாக உண்ணப்படும் கீரையாதலால் வீட்டுத் தேவைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கிணற்று நீர் அல்லது தூய ஊற்று நீர் பாயும் பாத்தியே ஏற்றது.

இரண்டு மூன்று கணுக்களும் வேரும் கொண்ட ஓடுதண்டுத் துண்டுகளை நடலாம். மட்கிய சேதனப் பசளை கலந்த ஈர மண் இதற்கு உவப்பானது. தேங்கும் நீரில் அழுகும். நட்டு இரண்டு மூன்று மாதங்களில் முதல் அறுவடை கிடைக்கும். ஓடுதண்டை இழுத்துப் பிடுங்காமற் கத்தியால் இலைகளை மட்டும் அறுத்தால் மீண்டும் மீண்டும் தழைக்கும். நெல்லுக்கு அடித்த மருந்து காற்றில் வந்து படிகின்ற வரப்பை விட்டு விலக்கியே பாத்தி அமைத்தல் வேண்டும். பீடைநாசினி அடிக்க நேர்ந்தால், அடித்த திகதியையும் மருந்தின் பெயரையும் குறித்து வைத்து, குப்பியிற் சொல்லப்பட்ட இடைநாட்கள் கழிந்த பின்பே அறுத்தல் வேண்டும். வாங்குவோர் மாதிரியைச் சோதித்து மருந்து மிச்சம் கண்டால் முழுத் தொகையும் திருப்பி அனுப்பப்படும், நட்டம் கமக்காரருக்கே.

அறுத்த இலையைத் தூய நீரிற் கழுவி, நீர் வடிய விட்டு, நிலத்திற் பரப்பாது தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பிக் காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துக. தடிப்பாகக் குவித்தால் இலை வெந்து கறுக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். நொறுங்கும் பதத்துக்கு உலர்ந்தபின் ஈரம் புகாத பைகளிற் கட்டி வைக்கலாம்.

விலை பேசுமுன் ஒரு கணக்கைப் பார்த்துக் கொள்ளுதல் நன்று. 100 கிலோ பச்சை இலையிலிருந்து 12 முதல் 15 கிலோ வரை உலர்ந்த இலையே கிடைக்கும். எனவே உலர்ந்த இலையின் கிலோ விலை, சந்தையிற் பச்சை இலைக்குக் கிடைக்கும் கிலோ விலையைப் போல் எட்டு மடங்கேனும் இருத்தல் வேண்டும். கழுவி உலர்த்தும் கூலி அதற்கு மேலே சேரும். அவ்விலையை நடுகைக்கு முன்னரே எழுத்திற் தர வியாபாரி உடன்படாவிடின், வழக்கம் போலக் கட்டுகளாகக் கட்டிக் காலைச் சந்தைக்கு அனுப்புதலே இலாபம்.